தாயும் பிள்ளையும் ஆனாலும்…

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தது. ஓநாயும் காக்கேசியன் ஷெப்பர்டு நாயும் கலந்து பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ‘ஓநாய் நாயை’, இந்த ஊர்க்காரர் ஒருவர் ஐம்பது கோடி ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பதே அந்தச் செய்தி. அடுத்த மாதமே அமலாக்கத் துறையினர் சோதனைக்குப் போனார்கள். ஐம்பது கோடிக் கதை உண்மையாகத் தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. கோடிகள் காற்றோடு போயின. ஆனால் அந்தச் செய்தி கிளப்பிவிட்ட ஆசை போகவில்லை. “இந்தக் குட்டிக்கு ஓநாய் ரத்தம் இருக்கிறது சார்” என்று சொல்லி விலையை ஏற்றும் வியாபாரம் இன்னும் நடக்கிறது; கேட்டு மயங்குகிறவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

நான் விஞ்ஞானி அல்ல. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த விஷயத்தை ஆர்வத்தோடு படித்து வருபவன். படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஓநாய் ரத்தம் எல்லா நாய்க்கும் உண்டு, அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாய் ரத்தம் ஓநாய்க்குள் போவதுதான் நாம் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம். அந்தக் கவலைக்கும் நம் தெருவுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

உறவு எவ்வளவு நெருக்கம்?

நம் மொழியே இந்த உறவைச் சொல்லிவிடுகிறது. ‘ஓநாய்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘நாய்’ இருக்கிறது. விஞ்ஞானம் இதே முடிவுக்கு வரச் சற்றுக் காலம் பிடித்தது. 1758ல் லின்னேயஸ் நாயையும் ஓநாயையும் இரண்டு தனி இனங்களாகப் பெயரிட்டு எழுதி வைத்தார். 1993ல் வெளியான பாலூட்டிகள் பட்டியலில் நாய் ஓநாயின் ஒரு துணையினமாகவே சேர்க்கப்பட்டது. தாய்வழியாக வரும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது நாய்க்கும் சாம்பல் ஓநாய்க்கும் உள்ள வித்தியாசம் 0.2 சதவீத அளவில்தான் இருந்தது. அதே ஓநாய்க்கும் வட அமெரிக்காவின் கொயோட்டி என்னும் அதன் உறவு விலங்குக்கும் இடையே இந்த வித்தியாசம் 4 சதவீதம் வரை போகிறது.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அதனால்தான் அதற்குக் குட்டி பிறப்பதில்லை. கலப்பு அந்த ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. நாய்க்கும் ஓநாய்க்கும் 78, 78. இரண்டும் சேர்ந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டிக்கும் குட்டி பிறக்கும். கலப்பு நிற்காமல் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கொப்பள் மாவட்டத்துப் புதர்க்காட்டில் திரியும் ஓநாய்தான் நம் தெரு நாயின் தாத்தாவா? இல்லை. 2022ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு லட்சம் ஆண்டு காலப் பரப்பில் வாழ்ந்த 72 பழைய ஓநாய்களின் எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் படித்தது. நாய்கள் எல்லாவற்றுக்கும் நெருக்கமானவை ஆசியாவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பழைய ஓநாய்கள் என்று தெரிந்தது. சில நாய்களில், மேற்காசிய ஓநாய்களைச் சார்ந்த இன்னொரு வழி வரவும் இருந்தது. ஆனால் நாயின் நேரான மூதாதை என்று சொல்லத்தக்க ஓநாய்க் கூட்டம் அந்த 72ல் ஒன்றும் இல்லை. இன்று உயிரோடிருக்கும் ஓநாய்களிலும் இல்லை.

நம் நாட்டு ஓநாயின் கதை இன்னும் சுவையானது. 2021ல் அதன் முழு மரபணுத் தொகுதியை முதன்முதலாகப் படித்தவர்கள், உலகத்துச் சாம்பல் ஓநாய்களில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து தனித்து நின்ற கிளைகளில் ஒன்று இது என்று கண்டார்கள். ஆகவே நம் தெரு நாயும் தக்காண ஓநாயும் தகப்பனும் பிள்ளையும் அல்ல. எங்கோ மேலே ஒரு தலைக்கட்டில் பிரிந்த பங்காளிகள். அந்தத் தலைக்கட்டு மறைந்து போயிற்று. பங்காளிகள் இருவரும் இருக்கிறார்கள்.

வாயும் வயிறும் வேறு

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது நம் பழமொழி. நாய் விஷயத்தில் இது எழுத்துக்கு எழுத்து உண்மை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு, ஓநாயிடம் இரண்டே பிரதிகள் இருக்கிறது. நாய்களிலோ அது நான்கிலிருந்து முப்பது வரை பெருகியிருப்பதை 2013ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மனிதன் பயிர் செய்து, சமைத்து, மிச்சத்தை வாசலில் போட்டான். அதைச் செரிக்க முடிந்த நாய் அவனோடு தங்கியது. நம் வீட்டு நாய் தயிர் சாதத்தை வழித்து நக்குகிறதே, அது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் வயிற்றில் எழுதி வைத்த எழுத்து.

வயிறு மட்டும் மாறவில்லை. பெண் ஓநாய் ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். குடும்பமே கூடி அந்தக் குட்டிகளை வளர்க்கும். பெரும்பாலான நாய்கள் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஓநாய் மனிதனைக் கண்டால் ஒதுங்கும். நாய் மனிதனின் முகத்தைப் பார்த்து அவன் மனத்தைப் படிக்கும். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்ற இடத்தில் 1914ல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 2018ல் அந்த நாயின் பற்களை மறுபடி ஆராய்ந்தவர்கள், குட்டிப் பருவத்தில் அதற்கு டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய் கண்டிருக்கலாம் என்றும், யாராவது வாரக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்திருக்காவிட்டால் பிழைத்திருக்காது என்றும் எழுதினார்கள். வேட்டைக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை அன்றே ஒருவர் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நாயை நாயாக்கியது இந்தப் பராமரிப்புதான்.

இப்படி இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் மனிதனோடு வாழப் பழகிய ஒரு பிராணிக்குள் மறுபடி ஓநாயைக் கொண்டுவந்து கலப்பதில் என்ன பெருமை? கலப்புக் குட்டி எந்தக் குணத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி எதுவும் ஓநாய்க் கலப்பு நாய்களுக்கென்று அனுமதி பெற்றதில்லை. இங்கே 2024 மார்ச்சில் மத்திய அரசு, ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பட்டியலில் காக்கேசியன் ஷெப்பர்டும் இருந்தது, ஓநாய்க் கலப்பு நாயும் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் பிறப்பித்தது என்பதால் ஏப்ரலில் நம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தின் நிலை எப்படிப் போனாலும், இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில், மாலை ஆறு மணிக்குக் குழந்தைகள் விளையாடும் வளாகத்தில், ஓநாய்க் கலப்பு நாய்க்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

எதிர்த் திசையில் வரும் ஆபத்து

இதுவரை சொன்னது நம் வீட்டைப் பற்றிய கவலை. புல்வெளியில் இருக்கும் கவலை இதைவிடப் பெரிது.

புனே நகரத்தைச் சுற்றியுள்ள புல்வெளிகளில், ஓநாய்களோடு திரிந்த வித்தியாசமான தோற்றமுள்ள விலங்குகளை உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் கவனித்தார்கள். அவற்றிடமிருந்து கிடைத்த மாதிரிகள் மரபணுச் சோதனைக்கு வந்தன. ஓநாய்–நாய்க் கலப்பு இந்தியாவில் நடக்கிறது என்பதற்கு முதல் மரபணுச் சான்று 2023ல் இப்படித்தான் வெளியாயிற்று. அந்த ஆய்வைச் செய்தவர்கள் புனேயின் கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட் அமைப்பும், நம் ஊரைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களும். ஒன்று, பெல்லாரி சாலையில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம். மற்றொன்று, ஜக்கூர் பக்கத்தில் இருக்கும் ‘ஏட்ரீ’ என்னும் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அறக்கட்டளை. நாம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் இவ்வளவு பெரிய உண்மை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஏன் இந்தக் கலப்பு நடக்கிறது? கணக்கைப் பார்த்தாலே விளங்கும். இந்திய நாட்டில் மொத்தமுள்ள ஓநாய்கள் சுமார் மூவாயிரம் என்று 2022ல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் தெரு நாய்கள் எத்தனை? 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சத்து 79 ஆயிரம். நாடு முழுவதும் உள்ள ஓநாய்களைப்போல் தொண்ணூறு மடங்கு நாய்கள் நம் ஒரு நகரத்தில்! ஊர் விரிந்துகொண்டே போகிறது. ஊருக்கு வெளியே குப்பைமேடு, கோழிக்கழிவு, அதைச் சுற்றி நாய்க் கூட்டம். எங்கோ தனித்துப் போன ஓர் ஓநாய்க்குத் துணை கிடைக்காதபோது கண்ணில் படுவது பங்காளிதான்.

கலந்த மரபணு எளிதில் போவதில்லை. வட அமெரிக்காவில் கறுப்பு நிற ஓநாய்கள் உண்டு. அந்தக் கறுப்பு, முற்காலத்தில் நாயிடமிருந்து வந்து சேர்ந்தது என்று 2009ல் நிரூபித்தார்கள். அங்கே ஓநாய்கள் ஏராளமாக இருந்தன, ஒரு துளி கலந்தது தெரியாமல் கரைந்தது. நம் மூவாயிரத்தில் துளி விழுந்தால் அது துளியாக இருக்காது. மிகப் பழைய ஓநாய்க் கிளை ஒன்று, வேட்டைக்காரனின் துப்பாக்கி இல்லாமலே, சத்தமில்லாமல் கரைந்து போகும்.

நோயும் இதே வழியில் போகிறது. மேலே சொன்ன டிஸ்டெம்பர் கிருமி இன்று தடுப்பூசி போடாத நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடியது. 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அவற்றில் பலவற்றிடம் இந்தக் கிருமி இருந்தது. சிங்கத்தையே சாய்க்கும் நோய், ஓநாயை விடுமா?

ஓநாய் நமக்கு எதற்கு?

இப்படிக் கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2024ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் குழந்தைகளைக் கொன்றதை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் மனிதனைக் கண்டு ஒதுங்கும் சுபாவம்தான் இத்தனை நூற்றாண்டுகள் ஓநாயையும் நம்மையும் பிரித்து வைத்திருந்தது. நாய்க் கலப்பில் அந்த ஒதுக்கம் குறைந்துவிடுமோ என்பதே வல்லுநர்களின் அச்சம். அப்படிப் பார்த்தால் கலப்பைத் தடுப்பது மனிதனுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கலப்பு ஆபத்து என்று நான் எழுதுவதை யாரும் மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. மனித குலம் முழுவதும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே வளர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, கன்னடம் பேசிப் பழகி, மொழி கடந்து சம்பந்தமும் செய்துகொள்ளும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓநாயின் பிரச்சினை குலப்பெருமையைச் சேர்ந்ததில்லை. ஒரு பக்கம் காட்டில் தானாக வாழ்ந்த மூவாயிரம். மறுபக்கம் மனிதன் சோறு போட்டுப் பெருக்கிய கோடிக்கணக்கு. அந்தக் கணக்குதான் பிரச்சினை.

மேலும், ஓநாய் இந்தக் கன்னட நாட்டுக்குச் சொந்தமான பிராணி. நாம் ‘புலி வருது, புலி வருது’ என்று கதை கேட்டு வளர்ந்தோம். இங்கே பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் அதே கதையை ‘தோளா பந்து தோளா’ என்று சொல்கிறார்கள். தோளா என்றால் ஓநாய். ஆட்டுக்கிடை போடும் தக்காணத்து இடையனுக்கு அன்றாடம் பார்த்த எதிரி அதுதான்.

நம் குடும்பங்கள் அடிக்கடி போகும் ஊர் ஒன்றும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரத்துக்கு வைரமுடி சேவைக்கும், விடுமுறை நாட்களிலும் போகிறோம். சோழ நாட்டை விட்டு வந்த இராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த மலையைச் சுற்றியுள்ள காடு 1974லேயே ஒரு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதும், அங்குள்ள ஓநாய்களைக் காப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வடக்கே கொப்பள் மாவட்டம் கங்காவதி தாலுகாவில் பங்காபுரா என்ற இடத்தில் ஓநாய்க்கென்றே ஒரு சரணாலயம் ஏற்பட்டிருக்கிறது. ஆனாலும் நம் நாட்டு ஓநாய்களில் பெரும்பாலானவை சரணாலயங்களுக்கு வெளியே, சர்க்கார் ஏடுகளில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட புல்வெளிகளில்தான் காலம் தள்ளுகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் தொழிற்பேட்டை போடலாம், மனைப்பிரிவு போடலாம், குப்பையும் கொட்டலாம்.

நாம் செய்யக்கூடியது

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தெரு நாய் என்ற பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி. சோறு வைக்கும் கட்சி ஒன்று, விரட்டியடிக்கும் கட்சி ஒன்று. மற்ற வளாகங்களிலும் இதே கதைதான் என்று கேள்விப்படுகிறேன். 2025ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது இந்தச் சண்டை இன்னும் சூடு பிடித்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதி டில்லி வட்டாரத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உத்தரவு, 22ஆம் தேதி திருத்தப்பட்டது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென்று குறித்த இடத்தில் வைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றை மறுபடி அங்கே விடக்கூடாது என்றது.

இரண்டு கட்சிக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. கருத்தடை, தடுப்பூசி இரண்டையும் முதலில் முடியுங்கள். நாய்க்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து வெறும் சோறு மட்டும் வைப்பது, அடுத்த ஆண்டு பட்டினி கிடக்கும் குட்டிகளைப் பெருக்குவதாகத்தான் முடியும். விரட்டி அடித்தால் அந்த நாய் அடுத்த பேட்டைக்குப் போகும். அங்கிருந்து ஊர் எல்லைக்கும் புல்வெளிக்கும் போகும். சங்க நிதியில் விளக்குக்கும் வர்ணத்துக்கும் ஒதுக்குகிறோமே, இதற்கும் ஒரு தொகை ஒதுக்கினால் என்ன?

வீட்டில் நாய் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அதை ‘ஜாதி இல்லாத நாய்’ என்று ஏளனம் செய்வது அறியாமை. நாம் விலை கொடுத்து வாங்கும் வெளிநாட்டு இனங்களில் பெரும்பாலானவை சென்ற இருநூறு ஆண்டுகளுக்குள் வரையறுக்கப்பட்டவை. நம் கிராமத்து நாயோ அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே இந்த மண்ணின் வெயிலிலும் மழையிலும் தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்த பழைய கூட்டம். இன நாய்தான் வேண்டுமென்றால் நாட்டு இனங்கள் இருக்கின்றன. 2005ல் நம் அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் கர்நாடகத்து முதோளும் இருந்தது, நம் ராஜபாளையமும் இருந்தது. ஆனால் இவை ஓடிப் பழகிய நாய்கள். ஓட இடம் இல்லாதவர்கள் வாங்கிக் கட்டிப்போட வேண்டாம்.

மேல்கோட்டைக்கோ வேறு மலைக்கோவிலுக்கோ போகும்போது கட்டுச்சாதத்தின் மிச்சத்தையும் இலையையும் காட்டோரத்தில் வீசாமல் திரும்ப எடுத்து வாருங்கள். அந்த மிச்சத்தைத் தேடி நாய் போகும், நாயோடு நோய் போகும். வளர்க்க முடியாத நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது, நாய்க்கும் ஓநாய்க்கும் ஒருசேரச் செய்யும் துரோகம்.

நாயும் ஓநாயும் உறவுதான். எந்த ஆய்வும் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்காளி நம் வாசலை நம்பி வந்துவிட்டான். மற்றவன் நம்மை ஒன்றும் கேட்காமல் தன் வெளியில் தான் வாழ்கிறான். வந்தவனுக்குச் சோறும் ஊசியும் போடுவது நம் கடமை. வராதவனை அவன் இடத்தில் நிம்மதியாக இருக்க விடுவதும் நம் கடமைதான். அடுத்த சங்கக் கூட்டத்தில் ‘தெரு நாய்’ என்ற பேச்சு வரும்போது, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் எவ்வளவு ஒதுக்குகிறோம் என்ற கேள்வியை யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்.